புல்லும் மீனும் ஒரே வயலில்

இரண்டு நாளாக மனம் மாலி நாட்டிலேயே இருக்கிறது. நைஜர் ஆறு சஹாராவைத் தொடுவதற்கு முன் ஓர் இடத்தில் விரிந்து பரவிவிடுகிறது. கடலுக்கு வெகு தொலைவில் ஒரு டெல்டா! 2004-ல் உலகின் முக்கிய ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தபோது அதன் பரப்பு ஏறக்குறைய 41,000 சதுர கிலோமீட்டர்.

கினி நாட்டு மலைகளில் பெய்த மழை இங்கே வந்து சேர மாதக்கணக்கில் ஆகிறது. உள்ளூர் மழை ஓய்ந்த பிறகுதான் வெள்ளம் உச்சத்துக்கு வரும். அப்போது பூர்கு என்ற புல் தண்ணீரோடு போட்டி போட்டு உயர்கிறது, ஆள் உயரத்தையும் தாண்டி. அதன் தண்டுகளுக்கிடையே மீன்கள் வளரும், போசோ மீனவர்கள் வலை வீசுவார்கள். தண்ணீர் வடிந்ததும் அதே இடம் ஃபுலானி மக்களின் மாடுகளுக்கு மேய்ச்சல் நிலம். ஐரோப்பாவிலிருந்து வலசை வரும் நீலச்சிறகி வாத்துகளுக்கும் குளிர்காலப் புகலிடம் இதுதான்.

அந்த மேய்ச்சலில் யார் மாடு முதலில் இறங்குவது என்பதற்கு 19-ஆம் நூற்றாண்டிலேயே, சேக்கு அமாது ஆட்சியில், முறை வகுத்திருக்கிறார்கள். எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். தியாஃபராபேயில் மந்தைகள் ஆற்றைக் கடக்கும் நாள் ஊருக்கே திருவிழா. யுனெஸ்கோவும் அதை 2005-ல் மானுட மரபாக அறிவித்தது.

டெல்டாவுக்கு மேலே, ஆறு வரும் வழியில், மார்க்கலா அணை 1947 முதல் பாசனத்துக்குத் தண்ணீரைத் திருப்புகிறது. நெல் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் மழை பொய்த்த வருடத்தில் அந்தக் குறைவு முதலில் பூர்கு வயலில்தான் தெரியும். அப்புறம் வலையில், அப்புறம் பால் குடத்தில்.