மக்காபே காட்டில் ஒரு நடை

கோவையிலிருந்து மொரீசியசுக்குக் குடிவந்த எங்களுக்குக் காடு என்றால் டாப்சிலிப்பும் வால்பாறையும்தான். அங்கே யானை எதிர்ப்படுமோ என்ற கவலையிலேயே பாதி வழி போய்விடும். இந்தத் தீவிலோ ஆளை அடிக்கும் விலங்கும் இல்லை, நச்சுப் பாம்பும் இல்லை என்பதால், மூட்டுவலிக்கார அம்மாவையும் பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு பெத்ரின் என்ற இடத்திலிருந்து, தீவின் பழைய காடுகளில் ஒன்றான மக்காபே காட்டுக்கு நடந்தோம். 1994இல் தேசியப் பூங்காவான பிளாக் ரிவர் கார்ஜஸின் மேட்டுப்பகுதி அது. அகலமான மண்பாதை, பெரிய ஏற்றம் கிடையாது.

வழிகாட்டியாக வந்தவர், தைப்பூசக் காவடியின்போது பழக்கமான எதிர்வீட்டு அக்கா. வீட்டில் அவர் பேசுவது, பிரெஞ்சிலிருந்து கிளைத்த தீவுமொழியான கிரியோல். எங்களிடம் பேசும் தமிழ், கோயில் வகுப்பில் கற்றது.

"ஏப்பா, இதுவா பழைய காடு? நம்ம ஊர் புளியமரம் இதைவிட உசரமாச்சே!" என்றார் அம்மா. அந்த ஏமாற்றம் எனக்கும் இருந்தது. ஆண்டுதோறும் புயலை எதிர்பார்த்து நிற்கும் இத்தீவில் மரங்கள் வானளாவ வளர்வதில்லை. குட்டையாக, கெட்டியாக, பாசி படர்ந்து நிற்கின்றன. கருங்காலி மிக மெதுவாக வளர்வதால், இரு கைகளுக்குள் அடங்கும் தண்டுகூடக் கொள்ளுப்பாட்டன் காலத்ததாக இருக்கலாம். 1638இல் குடியேறி 1710இல் வெளியேறிய டச்சுக்காரர்கள் கப்பல் கப்பலாக ஏற்றிச் சென்றது இந்த மரத்தின் கரிய வயிரத்தைத்தான். அம்மாவின் கழுத்தில் கிடந்த கருங்காலி மாலையைப் பிள்ளைகள் உற்றுப் பார்த்தார்கள். அவர் அதை முந்தானைக்குள் தள்ளிக்கொண்டார்.

மூத்த காட்டின் அடையாளம் உயரம் அன்று என்பதை ஒரு கம்பிவேலிதான் எங்களுக்குக் காட்டியது. வேலிக்கு வெளியே, பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கொய்யா, சிறுவன்கூட நுழைய முடியாதபடி விரற்கடைத் தண்டுகளாக நெருங்கி நின்றது. அதன் அடியில் வேறு எதுவும் முளைக்கவில்லை. பன்றியும் மானும் புகாதபடி அடைத்துக் களையெடுத்த உட்புறத்திலோ தரையில் வெளிச்சம் விழுந்து, முதிர்ந்த மரங்களின் காலடியிலேயே அவற்றின் கன்றுகள் இரண்டு மூன்று இலைகளோடு எழுந்து நின்றன. கண்ணுக்குப் பசுமை அதிகம் வெளியே, காடு உள்ளே! 1990களின் தொடக்கத்தில் ஏறத்தாழப் பத்தாகச் சுருங்கி இன்று சில நூறாகப் பெருகியிருக்கும் இளஞ்சிவப்புப் புறாவுக்கும் இத்தகைய காடுகளே புகலிடம். அன்று எங்கள் கண்ணில் பட்டவை குரங்குகள் மட்டுமே; அவையும் வெளியிலிருந்து வந்தவைதாம்.

காட்சிமுனைக்கு அப்பால் பாதை செங்குத்தாக இறங்குவதால் அங்கிருந்தே திரும்பினோம். வழியோரத்தில் சிவப்பாகப் பழுத்திருந்த அதே சீனக் கொய்யாவை, அக்கா கொண்டுவந்த உப்பும் மிளகாய்ப்பொடியும் தொட்டுப் பிள்ளைகள் தின்று தீர்த்தார்கள். காட்டைக் கெடுக்கும் பழத்தை இப்படி ருசித்துத் தின்னலாமா என்று மகள் கேட்டதற்கு, அக்கா சிரித்துக்கொண்டே பையை நீட்டி, "ஜாமுக்கு இன்னும் கொஞ்சம் பறி" என்றார்.