நாய்க்கு எலிக்காய்ச்சல்: ஊசி போட்டால் சீட்டு வாங்காமல் வராதீர்கள்

எங்கள் சிப்பிப்பாறை நாய் ராமு பிழைத்துவிட்டான். எலிக்காய்ச்சல் கல்லீரலையும் சிறுநீரகத்தையும் சேர்த்தே தாக்கியிருந்தது. இப்போது தட்டை உருட்டிச் சோறு கேட்கிறான். ஆனால் முதலில் போன இடத்தை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

சேரன்மகாதேவி பக்கம் அடைமழை பெய்தால் வயல் எலியெல்லாம் வீட்டைப் பார்த்து ஏறிவிடும். ராமுவுக்கு ஒரே வாந்தி, பின்னங்கால் தள்ளாட்டம். பக்கத்தில் ஒரு தனியார் கிளினிக்கில், கண்டதைத் தின்றிருக்கும் என்று ஊசி போட்டு அனுப்பினார்கள். என்ன ஊசி என்று எழுதிய சீட்டு கேட்டதற்கு, "ஊசிக்கு எதுக்கு அண்ணாச்சி சீட்டு?" என்றார் உதவியாளர். மறுநாள் உதட்டைத் தூக்கிப் பார்த்தால் ஈறு முழுக்க மஞ்சள். மூத்திரம் கடுங்காப்பி நிறம். "காமாலைதானே, கீழாநெல்லியை அரைச்சுக் குடு" என்றாள் அடுத்த வீட்டு ஆச்சி. எலிக்காய்ச்சல் கிருமியால் வரும் காமாலைக்கு ஆன்டிபயாடிக்தான் மருந்து.

இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "என்ன ஊசி போட்டாங்க?" என்றுதான் டாக்டர் முதலில் கேட்டார். ஆன்டிபயாடிக் ஏற்கெனவே போட்டிருந்தால், கிருமி இருந்தும், அதன் மரபணுவைத் தேடும் பிசிஆர் சோதனையில் இல்லை என்று வரலாம். வலி ஊசி என்றால் சிறுநீரகத்துக்கு இன்னும் கேடு. கிளினிக்கில் போனை எடுக்கவில்லை. தம்பி பைக்கில் போய்க் கேட்டால், "அதெல்லாம் எழுதி வைக்கது கிடையாது" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இங்கே மேசையில் இவன் தலையைத் தூக்க முடியாமல் கிடக்கிறான்!

ரத்தத்தில் காமாலையைக் காட்டும் பிலிரூபின், சிறுநீரகக் கோளாறைக் காட்டும் கிரியேட்டினின் இரண்டும் ஏறியிருந்தன. சோதனை முடிவுக்குக் காத்திராமல் ட்ரிப்ஸும் பென்சிலின் வகை ஊசியும் தொடங்கினார்கள். புண்ணியமாய்ப் போவார்கள். வாந்தி நின்றதும் இரண்டு வாரம் டாக்ஸிசைக்ளின். அதை வெறும் வயிற்றில் கொடுக்காதீர்கள். தேறிவிட்டது என்று பாதியில் நிறுத்தவும் கூடாது, சிறுநீரகத்தில் தங்கிய கிருமி மூத்திரத்தில் வந்துகொண்டே இருக்கும். காய்ச்சலுக்கு வீட்டில் இருக்கும் பாராசிட்டமாலைக் கொடுத்துவிடாதீர்கள், அது நாயின் கல்லீரலையே கெடுக்கும்.

வருடாவருடம் போடும் தடுப்பூசியில் லெப்டோவும் (எலிக்காய்ச்சலுக்கானது) உண்டா என்று கேட்டுப் போடுங்கள். வெறிநாய்க்கடி ஊசி மட்டும் இதற்குப் போதாது.

அப்புறம், இது மனிதருக்கும் தொற்றும். மூத்திரம் போன இடத்தைக் கையுறை போட்டு பிளீச்சிங் பவுடரால் கழுவுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் அடித்தால், நாய்க்கு எலிக்காய்ச்சல் வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.