முட்டுக்காடு பக்கம் மனை: கடலை மட்டும் அளந்தால் போதாது

ஈசிஆரில் முட்டுக்காடு பக்கம் மனை என்றால், கோப்பைப் பிரித்ததும் நாங்கள் முதலில் பார்ப்பது மேற்குப் பக்கத்தை. கடலிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடத்துக்குக் கட்டுப்பாடு என்பது எல்லோருக்கும் தெரியும். பின்னால் கிடக்கும் உப்பங்கழிக்கும் ஒரு கணக்கு உண்டு. 2011 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பில் அது 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது. 2019 அறிவிப்பு அந்த 100ஐ 50 ஆக்கியது. ஆனால் அதன்படி திருத்திய கடலோர மண்டல வரைபடம் ஒப்புதலான பிறகுதான் அது செல்லும். எது நடப்பில் இருக்கிறது என்று கேட்டுவிட்டே பிளான் போடுங்கள்.

கழிக்கான இந்தக் கணக்கு, ஓதம் (கடல் நீரின் ஏற்ற இறக்கம்) ஏறும் எல்லை வரைதான். அந்த எல்லை என்பது, ஆண்டின் மிக வறண்ட காலத்தில் தண்ணீரில் ஆயிரத்துக்கு 5 பங்கு உப்பு இருக்கும் இடம் வரை. ஐப்பசியில் போய் வாயில் வைத்துப் பார்த்து நல்ல தண்ணி என்பது எடுபடாது.

டேப் பிடித்து அளப்பதும் வீண். உயர் ஓதக் கோடு அலை நனைத்த மணல் அல்ல. அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்தில் நீர் தொடும் எல்லை. அங்கீகாரம் பெற்ற நிறுவனம்தான் குறிக்க வேண்டும். அண்ணா பல்கலைக்கழகத் தொலையுணர்வு நிறுவனம் அதில் ஒன்று. 1:4000 அளவில் உங்கள் புல எண்ணைப் பொருத்தித் தருவார்கள். கோப்பு சறுக்குவது இங்கேதான்: பட்டாவில் புது உட்பிரிவு, புலப்படத்தில் (நில அளவை வரைபடம்) பழைய எண். மனை எங்கே விழுகிறது என்றே தெரியாமல் திரும்பி வரும். உட்பிரிவு ஏறிய புலப்படம் கைக்கு வராமல் வரைபடத்துக்குப் பணம் கட்டாதீர்கள்.

நகர்ப்பகுதியான இரண்டாம் மண்டலத்தில், ஏற்கெனவே உள்ள சாலைக்கோ அனுமதி பெற்ற கட்டடத்துக்கோ நிலப்பக்கம் மட்டுமே கட்டலாம். அதற்கும் கடல் பக்கமாகப் பிறகு போட்ட சாலை கணக்கில் வராது. ஊர்ப்புறமான மூன்றாம் மண்டலத்தில், 2011 விதிப்படி முதல் 200 மீட்டரில் பொதுவாகப் புது வீடு கிடையாது. 200 முதல் 500 வரை, பழைய மீனவக் கிராமங்களில் உள்ளது போன்ற மரபான குடியிருப்பு உரிமைக்கு உட்பட்டுத்தான்; தரைத்தளமும் ஒரு மாடியும், மொத்த உயரம் 9 மீட்டர்.

கோப்பு போகும் வழி: ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் குழு, பிறகு மாநிலக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையம். இதில் அலைச்சல்தான், சூட்சுமம் ஒன்றுமில்லை.

தண்ணீரில்தான் மறுபடி மாட்டுவார்கள். உயர் ஓதக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் நிலத்தடி நீர் எடுக்கப் பொதுவாகத் தடை. 200 முதல் 500 வரை, வேறு வழியே இல்லாத இடத்தில், சாதாரணக் கிணற்றில் கையால் இறைக்கலாம். டிராஃப்ட்ஸ்மேன் பழக்க தோஷத்தில் பிளான் மூலையில் போர்வெல்லுக்கு ஒரு வட்டம் போட்டிருப்பார். பிரிண்ட் எடுக்கும் முன் அதை அழிக்கச் சொல்லுங்கள். போர் வண்டிக்குக் கொடுத்த அட்வான்ஸையும் திருப்பி வாங்கிவிடுங்கள்.