லிப் ஃபில்லரும் என் தெற்றுப்பல்லும்

ஞாயிற்றுக்கிழமை காலை சமையலறைக்குள் நுழைந்ததும் அத்தை கேட்டது இதுதான்: “என்னம்மா, வாயில குளவி கொட்டிட்டா?”

முந்தின நாள் மும்பை பாந்த்ராவில் ஒரு கிளினிக்கில் உதட்டுக்கு ஃபில்லர், அதாவது உதட்டைப் பருமனாக்கும் ஜெல் ஊசி, போட்டுக்கொண்டு வந்திருந்தேன். அத்தையிடம் பல் டாக்டரைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருந்தேன். பொய் சொன்ன வாய் வீங்கித்தான் போயிருந்தது.

எனக்கு 37 வயது. சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம், குடும்பம் செம்பூரில். மேலுதடு பிறவியிலேயே மெலிசு. ஆபீஸ் வீடியோ மீட்டிங்கில் நாளெல்லாம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததில், அது வரவர இன்னும் மெலிகிறதோ என்று ஒரு நினைப்பு. யாரும் குறை சொல்லவில்லை. ஆசைப்பட்டேன், போட்டுக்கொண்டேன். அதற்கு மேல் ஒரு காரணம் சொன்னால் அதுவும் பல் டாக்டர் கதையாகிவிடும்.

மரத்துப்போகும் க்ரீமைத் தடவி முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். ஊசி போட்டது கால் மணி நேரம்தான். 1 மில்லி ஜெல்லுக்கு 24,000 ரூபாய், அதன் மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 4,320. அழகுக்காகச் செய்துகொள்ளும் சிகிச்சைக்கு மற்ற வைத்தியத்துக்கு உள்ள வரிவிலக்கு கிடையாது என்பதே எனக்கு பில்லைப் பார்த்துத்தான் தெரியும். போர்டில் பெயர் போட்டிருந்த டாக்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். ஊசி போட்டது வேறொரு இளம்பெண். அவர் என்ன படித்தவர், மெடிக்கல் கவுன்சிலில் பதிவு உண்டா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மாட்டுங்கா மார்க்கெட்டில் முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து வாங்குகிறவள் நான்.

உள்ளே போனது ஹையலூரானிக் ஆசிட். நம் உடம்பிலேயே இருக்கிற பொருள்தான், தண்ணீரை இழுத்துப் பிடித்துவைக்கும். ஊசி குத்திய காயமும் சேர்ந்துகொள்வதால் முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம் ஏறத்தான் செய்யும். இதெல்லாம் இப்போது தெரிகிறது. அன்றைக்குக் கண்ணாடியில் தெரிந்தது வேறு. மேலுதட்டின் இடது பாதி வலது பாதியைவிட ஒரு சுற்றுப் பெரிதாக, யாரோ அவசரத்தில் தைத்த தலையணை மாதிரி இருந்தது. கீழுதட்டில் நாவல்பழக் கறை போல ஒரு நீலம்.

‘ப’, ‘ம’ இரண்டும் சரியாக வரவில்லை. உதடு இரண்டும் ஒட்டினால்தானே வரும்? உதடு ஒட்டாமல் பாடும் செய்யுளுக்கு நிரோட்டகம் என்று பெயர் என்று பள்ளியில் தமிழ் டீச்சர் சொல்லிக்கொடுத்தது இருபது வருஷம் கழித்து நினைவுக்கு வந்தது. காபியை டபராவில் வாய் வைத்துக் குடித்தால் ஓரமாக வழிந்தது. அண்ணாந்து குடிக்க வேண்டியதாயிற்று. எச்சில் படாமல் குடி என்று பத்து வருஷமாகச் சொல்லி அலுத்துப்போன அத்தைக்கு அதில் உள்ளூர ஒரு திருப்தி.

கிளினிக்குக்கு வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினேன். ‘நார்மல், ஐஸ் வையுங்கள்’ என்று பதில். அது சரியான பதில்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் எது நார்மல் இல்லை என்று அவர்கள் சொல்லவே இல்லை. ராத்திரி பதினொரு மணிக்கு நானே தேடிப் படித்து நடுங்கினேன். ஜெல் தவறிப்போய் ரத்தக்குழாயை அடைத்துவிட்டால் தாங்க முடியாத வலி வரலாம், தோல் வெளுக்கும், அல்லது வலை விரித்த மாதிரி ஊதா நிறம் படரும். அப்போது காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்கக் கூடாது, அந்த நிமிஷமே டாக்டரிடம் ஓட வேண்டும். என் கணவர் செல்போன் டார்ச்சைப் பிடித்துக்கொள்ள, ரத்தம் ஓடுகிறதா என்று பார்க்க நான் உதட்டை விரலால் அழுத்தி அழுத்தி எடுத்தேன். எடுத்ததும் சிவப்புத் திரும்பி வந்தது. “ரெண்டு செகண்டுக்குள்ள வந்துட்டு” என்று அவர் ஓட்டப்பந்தய நடுவர் மாதிரி அறிவித்தார். அப்புறம்தான் தூங்கினேன்.

புதன்கிழமை வீக்கம் இறங்க ஆரம்பித்தது. இறங்க இறங்க இன்னொன்று தட்டுப்பட்டது. இடது பக்கம், உதட்டின் உட்புறம், பச்சைப்பயறு அளவில் ஒரு உருண்டை. நாக்கு சும்மா இருக்குமா? நாளெல்லாம் அதையே போய்த் தடவிக்கொண்டிருந்தது. கிளினிக்கில் கேட்டேன். அழுத்தித் தேய்த்துவிடச் சொன்னார்கள். எவ்வளவு அழுத்தி, எத்தனை தடவை என்று சொல்லவில்லை. குளிக்கும்போது, டிவி பார்க்கும்போது, குர்லா போகும் ரயிலில் மாஸ்க்குக்குள் விரலை விட்டு என்று நான் தேய்த்த தேய்ப்பில் இறங்கின வீக்கம் திரும்ப ஏறியதுதான் மிச்சம்.

ஒன்பதாம் நாள் நேரில் போனேன். வலது பக்கம் அரை மில்லி போட்டால் இரண்டும் சமமாகிவிடும், பாதி விலைக்குப் போட்டுத் தருகிறோம் என்றார்கள். பெண்ணுக்கு முடியைச் சமமாக வெட்டுகிறேன் என்று இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் வெட்டிக் கடைசியில் மொட்டையாக்கிய எங்கள் தெரு அக்கா ஒருத்தி ஞாபகத்துக்கு வந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று எழுந்து வந்துவிட்டேன். இந்த விஷயத்தில் நான் உருப்படியாகச் செய்த முதல் காரியம் அது.

இரண்டு நாள் கழித்து மாட்டுங்காவில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்தேன். தமிழ்க்காரர். உதட்டைத் தொடுவதற்கு முன்னால், “சிரிக்காத பழைய போட்டோ ஏதாவது இருக்கா?” என்றார். ஆதார் அட்டையை நீட்டினேன், அதில் யார்தான் சிரிக்கிறார்கள்? அவர் அதைப் பெரிதாக்கிக் காட்டினார். மேலுதட்டின் இடது பக்கம் அதிலேயே லேசாகத் தூக்கலாக இருந்தது. “ஈன்னு பல்லைக் காட்டுங்க.” காட்டினேன். என் இடது பக்கத்துத் தெற்றுப்பல். சின்ன வயசில் அதிர்ஷ்டம் என்று எல்லாரும் சொன்ன பல்.

“இந்தப் பல்லு ஏற்கெனவே உதட்டை முன்னால தள்ளிக்கிட்டிருக்கு. ரெண்டு பக்கமும் ஒரே அளவு போட்டா எப்படிம்மா சமமா வரும்?”

ஊசி போடுவதற்கு முன் கிளினிக்கில் போட்டோ எடுத்தார்களா என்று கேட்டார். எடுக்கவில்லை. என் உதடு முன்பு எப்படி இருந்தது என்று அவர்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. எனக்கு அதுதான் பெரிய வெட்கம். 37 வருஷம் கண்ணாடி பார்த்திருக்கிறேன்.

தேய்ப்பதை நிறுத்துங்கள், இரண்டு வாரம் கழித்து வாருங்கள், வீக்கம் முழுசாக வடியாமல் எதையும் தொட மாட்டேன் என்றார். அதற்குள் என்ன பிராண்ட், என்ன பேட்ச் என்று கேட்டு வாங்கி வரச் சொன்னார். ஒவ்வொரு ஜெல்லும் கரைவதற்கு ஒவ்வொரு மாதிரி. என் பில்லில் ‘பிரீமியம் லிப் ஃபில்லர்’ என்று மட்டும் இருந்தது. ஹோட்டல் பில்லில் ‘ஸ்பெஷல் மீல்ஸ்’ என்று போடுவது போல. மூன்று தடவை போன் பண்ணி, கடைசியில் எழுதிக் கேட்பேன் என்றதும் சிரிஞ்ச் பெட்டியின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து அனுப்பினார்கள். ஊசி போட்ட அன்றைக்கே கேட்டு வாங்கியிருக்க வேண்டியது.

இருபத்தைந்தாம் நாள் பார்த்தபோது வீக்கத்தால் வந்த கோணல் பாதிக்கு மேல் தானாகவே போயிருந்தது. உருண்டை மட்டும் போகவில்லை. அதை ஹையலூரானிடேஸ் என்ற என்சைம் ஊசியால் கரைக்கலாம் என்றார் டாக்டர். எனக்கு உள்ளூர பயம். இந்தி டிவி நடிகை உர்ஃபி ஜாவேத் தன் உதட்டு ஃபில்லரைக் கரைத்துக்கொள்ளும் வீடியோவை 2025 ஜூலையில் அவரே போட்டிருந்தார், முகமே அடையாளம் தெரியாமல் வீங்கியிருந்தது. “அவங்க முழுசும் கரைச்சாங்க. உங்களுக்கு ஒரு துளிதான்” என்றவர் அடுத்துக் கேட்ட கேள்வியில் சிரித்துவிட்டேன்.

“குளவி, தேனீ கொட்டினா உங்களுக்கு அலர்ஜி உண்டா?”

இந்த என்சைம் அதுகளின் விஷத்திலும் இருக்கிறதாம். கொட்டினால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இதுவும் ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அத்தை கேட்டதைச் சொன்னேன், அவரும் சிரித்தார். முன்கையில் ஒரு பொட்டு மருந்து போட்டு அரை மணி நேரம் பார்த்தார். தடிக்கவில்லை. பிறகு உருண்டைக்குள் ஊசி. ஃபில்லரைவிட இது எரிந்தது, பச்சைமிளகாய் கடித்த எரிச்சல். அன்று சாயங்காலம் மறுபடியும் வீக்கம், ஆனால் இரண்டாம் நாளே நாக்குக்குத் தேட ஒன்றும் இல்லை.

உருண்டையோடு பக்கத்தில் இருந்த ஜெல்லும் கொஞ்சம் கரைந்துவிட்டது. அப்படி நடக்கலாம் என்று அவர் முன்னாலேயே எச்சரித்திருந்தார். எனவே இடது பக்கம் இப்போது பழைய என்னுடையது, வலது பக்கம் அதற்கு ஈடாக வந்து நிற்கிறது. பல் தள்ளும் பக்கம் பல், ஜெல் தள்ளும் பக்கம் ஜெல். முதல் கிளினிக் பணம் எதுவும் திருப்பித் தரவில்லை.

மூன்றாம் நாள் காலை டபராவை வாயில் வைத்து உறிஞ்சினேன். ஒரு சொட்டு வழியவில்லை. அத்தை தோசையைத் திருப்பிப் போட்டுக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

“அண்ணாந்து குடிக்கப் பழகிட்டேன்னுல்லா நெனச்சேன்.”