எது பொய் என்று யார் சொல்வது?

பொய்ச் செய்திகளைத் தடைசெய்ய அரசுக்கு அதிகாரம் வேண்டும் என்பவர்களின் கவலை நியாயமானதே. ஆனால் எது பொய் என்று முடிவுசெய்யும் உரிமையும் அதே அரசின் கைக்குப் போய்விடுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது.

1798-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இயற்றிய ராஜத்துரோகச் சட்டம், அரசைப் பற்றித் தீய நோக்கத்துடன் பொய்யும் அவதூறும் எழுதுவதைக் குற்றமாக்கியது. எழுதியது உண்மை என்று மெய்ப்பித்தால் தப்பிக்கலாம் என்ற விதியும் அதில் இருந்தது. இருந்தும், அதிபர் ஜான் ஆடம்ஸைக் கடுமையாகச் சாடிய மேத்யூ லயன் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் சிறை சென்றார். ஆட்சியாளரின் ஆணவத்தையும் பதவி ஆசையையும் பற்றிய கருத்தை எந்தச் சான்றைக் காட்டி மெய்ப்பிப்பது? அவருடைய வெர்மான்ட் மாநில வாக்காளர்களோ, அவர் சிறையில் இருந்தபோதே அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். யாரை நம்புவது என்று எடைபோடும் பொறுப்பு அவர்களுடையது; மக்களாட்சி என்பதற்கு எனக்குத் தெரிந்த பொருள் அதுதான்.

மோசடியையும், வாக்குப்பதிவு நாளையே மாற்றிச் சொல்லி ஏமாற்றுவதையும் நீதிமன்றங்கள் தண்டிக்கட்டும். அங்கே பாதிப்பைக் காட்ட முடியும். தன் செயல்பாடு குறித்த கூற்று தவறென்று அரசு கருதினால், அதை நீக்கச் சொல்லாமல், மறுப்பை வெளியிட்டு, அதற்கான ஆவணங்களையும் மக்கள் முன் வைக்கட்டும்.