கன்டெய்னரில் வந்த கற்பூரம்

2015 டிசம்பர் 9, புதன்கிழமை. சாப்பிட உட்கார்ந்த நேரத்தில் செய்தி வந்தது: தென்னாப்பிரிக்காவின் நிதியமைச்சர் ந்லாந்லா நேனேயை அதிபர் ஜேக்கப் ஜூமா நீக்கிவிட்டார். அவர் இடத்துக்கு டெஸ் வான் ரூயன் என்ற, அதிகம் பேர் கேள்விப்படாத ஒருவர். தட்டில் சோறு ஆறிக்கொண்டிருக்கும்போதே கைபேசி அடித்தது. டர்பன் நகரில் இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த்தில் மளிகையும் பூஜைச் சாமானும் விற்கும் பெரியவர்.

"தம்பி, நம்ம கன்டெய்னர் என்ன ஆகும்?"

திருநெல்வேலியிலிருந்து டர்பனுக்கு வந்த நாளிலிருந்து இப்படிப்பட்ட சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுவதுதான் என் வேலை. அவரை நான் 'அங்கிள்' என்றுதான் கூப்பிடுவேன். இங்கே அப்படித்தான் வழக்கம். அவர் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்த குடும்பத்தில் நான்காவது தலைமுறை. பேச்சு முழுக்க ஆங்கிலம். ஆனால் கற்பூரம், வேல், சாமி விளக்கு, தம்பி என்ற சொற்கள் மட்டும் தமிழிலேயே வரும்.

2016 தைப்பூசம் ஜனவரி 24. காவடிக்கு வேண்டிய சரக்கு அதற்கு முன்பே கடைக்கு வந்தாக வேண்டும். சென்னையிலிருந்து கப்பலேறிய அந்தக் கன்டெய்னருக்கு முன்பணம் போக இன்னும் 20,000 டாலர் கட்ட வேண்டியிருந்தது. கட்டினால்தான் கப்பல் காகிதம் கைக்கு வரும், காகிதம் வந்தால்தான் துறைமுகத்தில் சரக்கை எடுக்க முடியும்.

அமைச்சரை நீக்கியதும் சந்தை பயந்து, இந்நாட்டு நாணயமான ராண்ட் விழுந்தது. அதற்கு முன் டாலர் பதினாலரை ராண்டுக்கு அருகில் இருந்தது. வெள்ளிக்கிழமை பதினாறை நெருங்கிவிட்டது. அதாவது 2,90,000 ராண்ட் கணக்குப் போட்டு வைத்திருந்தவர் 3,18,000 கட்ட வேண்டும். அவர் கடையின் ஒரு மாத வாடகையும் அங்கே வேலை செய்யும் இரண்டு பிள்ளைகளின் சம்பளமும் அந்த வித்தியாசத்துக்குள் அடங்கிவிடும். "இன்றைக்கே கட்டிவிடுங்கள் அங்கிள், திங்கட்கிழமை பதினேழு ஆனாலும் ஆகும்" என்றேன். கட்டினார். ஞாயிறு இரவு ஜூமா பின்வாங்கி, டர்பனில் பிறந்த பிரவின் கோர்தானை மறுபடியும் நிதியமைச்சராக்கினார். திங்கட்கிழமை டாலர் பதினைந்தை ஒட்டி இறங்கிவிட்டது. என் பேச்சைக் கேட்டதால் அவருக்குப் போனது ஏறக்குறைய 16,000 ராண்ட். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு இன்றும் அது மனதில் கிடக்கிறது.

அந்த வாரம் நான் விளங்கிக்கொண்ட இன்னொரு விஷயம் உண்டு. வங்கிப் பங்குகள் பலமாக விழுந்தன. ஆனால் ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தையின் மொத்தக் குறியீடு அந்த அளவுக்கு விழவில்லை. காரணம் எளிது. அங்கே கனமான பங்குகள் பல வெளிநாட்டில் சம்பாதிக்கும் கம்பெனிகளுடையவை. நாஸ்பர்ஸுக்குச் சீனாவின் டென்சென்ட் என்ற இணையக் கம்பெனியில் உள்ள பங்கு, ரிஷ்மோனுக்கு உலகம் முழுக்க விற்கும் நகையும் கடிகாரமும், பிஎச்பிக்குச் சுரங்கம். ராண்ட் விழுந்தால் அவர்களின் வருமானம் ராண்டில் கூடுகிறது, பங்கு ஏறுகிறது. சாட்ஸ்வொர்த் கடைக்காரருக்கு விற்பனை ராண்டில், கொள்முதல் டாலரில். அவருக்கு எல்லாம் தலைகீழ். மாலைச் செய்தியில் "சந்தை நிதானம்" என்று கேட்டுவிட்டு அவர் நிலைமையும் நிதானம் என்று நினைப்பது பெரிய தப்பு.

பிப்ரவரி கடைசியில் வருமானவரி ஆண்டு முடிந்தது. கணக்கை முடித்தபோது அவருக்கு முந்தைய ஆண்டைவிட லாபம் கூடியிருந்தது. காகிதத்தைப் பார்த்தவர், "அப்படியானால் பணம் எங்கே தம்பி?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. ராண்ட் நன்றாக இருந்தபோது வாங்கிய பருப்பும் பித்தளையும் அலமாரியில் இருந்தன. அக்கம்பக்கத்தில் எல்லோரும் விலையை ஏற்றியதால் இவரும் ஏற்றி விற்றார். பழைய கொள்முதல், புதிய விற்பனை விலை. நடுவில் உள்ளது லாபம் என்று கணக்கு சொல்கிறது, வரியும் அதன் மேல்தான். ஆனால் அதே மூட்டையைத் திரும்ப வாங்கி வைக்க அந்த லாபம் முழுக்கப் போய்விட்டது. இதற்கிடையில் ஜனவரி கடைசியில் ரிசர்வ் வங்கி, மற்ற வங்கிகளுக்குத் தான் கடன் கொடுக்கும் ரெப்போ வட்டியை அரை சதவீதம் கூட்டி 6.75 ஆக்கியது. வறட்சியும் உணவு விலையும் அதற்குக் காரணங்கள், ராண்டின் வீழ்ச்சியும் ஒன்று. கணக்கில் இருப்பதற்கு மேல் அவர் எடுத்திருந்த ஓவர்டிராஃப்ட் கடனின் வட்டியும் கூடவே ஏறியது. நான் இதையெல்லாம் ஒரு பழைய காலண்டரின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினேன். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

2021 ஜூலை வேறு மாதிரி. அதற்குள் முன்னாள் அதிபராகிவிட்ட ஜூமா சிறைக்குப் போன பிறகு, டர்பன் இருக்கும் குவாசூலு-நாட்டால் மாகாணத்தில் கலவரம் மூண்டது. மூயி ரிவர் அருகே லாரிகள் எரிந்தன, டர்பனை ஜோகன்னஸ்பர்க்குடன் இணைக்கும் என்3 நெடுஞ்சாலை மூடப்பட்டது, ரொட்டிக்கும் பாலுக்கும் ஜனங்கள் வரிசையில் நின்றார்கள். கலவரம் பரவிய எல்லா இடங்களிலும் சேர்த்து 350க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. எங்கள் தெருமுனையில் ஆண்கள் இரவெல்லாம் காவல் இருந்தார்கள். அந்த நாட்களிலும் சந்தைக் குறியீடு பெரிதாக அசையவில்லை.

பெரியவரின் கடை தப்பியது. நான் கணக்கு எழுதிய வேறொரு கடை தப்பவில்லை. சாதாரண இன்சூரன்ஸ் இங்கே கலவரச் சேதத்துக்குப் பணம் தராது. அதற்கு அரசின் சாஸ்ரியா காப்பு இருக்க வேண்டும். 1976 சொவேட்டோ எழுச்சிக்குப் பிறகு, 1979இல் தொடங்கியது அது. மாதத்துக்குக் கொஞ்சம் பணம் மிச்சமாகும் என்று அந்தக் கடைக்காரர் அதை நிறுத்திவிட்டிருந்தார். அது எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. அலமாரிகள் மட்டும் நின்ற கடைக்குள் அவர் மனைவி ஒரு நோட்டைத் தேடிக்கொண்டிருந்தார். யார் யார் எவ்வளவு கடன் தர வேண்டும் என்று எழுதி வைத்த நோட்டு. அது கிடைக்கவே இல்லை.

அதிலிருந்து வருடத்துக்கு ஒரு முறை எல்லாக் கடைகளின் காப்புப் பத்திரங்களையும் வாங்கி நானே வரி வரியாகப் படிக்கிறேன். சரக்கு இருப்பைப் படம் எடுத்துக் கடைக்கு வெளியே வேறோர் இடத்திலும் வைக்கச் சொல்கிறேன். டாலர் கட்டுவதை மூன்று பங்காகப் பிரித்துவிட்டோம்: ஆர்டர் போடும்போது ஒன்று, கப்பலேறும்போது ஒன்று, காகிதம் வரும்போது ஒன்று. மலிவான நாள் எது என்று தேடுவதை விட்டுவிட்டேன்.

2025 ஏப்ரலில் அமெரிக்காவின் இறக்குமதி வரியும் இங்கே ஆளும் கூட்டணிக்குள் வாட் என்ற விற்பனை வரிச் சண்டையும் சேர்ந்து வந்தபோது டாலர் இருபது ராண்டை நெருங்கியது. பெரியவர் கூப்பிட்டார். பயந்த குரல் இல்லை.

"தம்பி, இரண்டாவது பங்கு இந்த வாரம்தானே?"

"ஆமாம் அங்கிள், வியாழக்கிழமை."

"சரி, கட்டிவிடு."