எங்கள் தெருவின் பைன் மரங்கள் ஏன் காய்ந்தன?

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், கான்சாஸ் மாநிலத்தின் ஒரு புறநகர்ப் பகுதி. வடக்கிலிருந்து வரும் குளிர்காற்றைத் தடுக்க வீடுகளின் பின்பக்க வேலியோரம் வரிசையாகப் பைன் மரங்கள் நிற்கும். போன ஆகஸ்டில் எங்கள் வீட்டு மரம் ஒன்றின் பச்சை மங்கத் தொடங்கியது. முதலில் சாம்பல் பூசியதுபோல் ஆனது. செப்டம்பர் முடிவதற்குள் உச்சி முதல் அடி வரை முழுக்கப் பழுப்பு. அதே தெருவில் இன்னும் நான்கு வீடுகளில் மரங்கள் சரியில்லை.

மரம் பராமரிக்கும் கம்பெனி ஒன்றைக் கூப்பிட்டோம். வந்தவர் தூரத்தில் நின்றே பார்த்துவிட்டு, "வறட்சிதான், வேருக்கு உரம் போட்டால் தேறிவிடும்" என்றார். பணம் கட்டி உரம் போட்டோம், வாரக்கணக்கில் தண்ணீர் விட்டோம். ஒன்றும் நடக்கவில்லை. கிளையை ஒருமுறை வெட்டிக்கூடப் பார்க்காமல் எப்படி முடிவு சொன்னார் என்ற கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பொள்ளாச்சியில் அப்பாவுக்குத் தென்னந்தோப்பு இருக்கிறது. போனில் இதைச் சொன்னதும் அவர் கேட்டது ஒரே கேள்விதான்: "எந்த மட்டை மொதல்ல காஞ்சுதுன்னு பாத்தியா கண்ணு?" எனக்குப் பதில் தெரியவில்லை. பைன் மரத்தில் மட்டை ஏது என்று விட்டுவிடாமல், அந்த சனிக்கிழமை ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு வீடாகப் போனேன். பின்கட்டுக்குள் வந்து பார்க்கலாமா என்று கேட்கத்தான் கூச்சமாக இருந்தது. யாரும் மறுக்கவில்லை.

கிட்டப் போய்ப் பார்த்தால், எல்லாம் ஒரே மரமே இல்லை. பைன் மரத்தின் இலைகள் ஊசி ஊசியாக, கொத்துக் கொத்தாக இருக்கும். ஒரு கொத்தில் ஐந்து ஊசி இருந்தால் அது வெள்ளைப் பைன். அந்த மரங்களுக்கு ஒரு குறையும் இல்லை. நீளமான, கரும்பச்சையான இரண்டிரண்டு ஊசிகள் இருந்தவை ஆஸ்ட்ரியன் பைன். அவற்றில் கீழ்க்கிளைகள் மட்டும் காய்ந்திருந்தன. ஊசியின் நுனி பழுப்பு, அடி பச்சை, நடுவில் செம்பழுப்புப் பட்டைகள். மரம் சில வருடங்களாகவே இப்படித்தான் என்று அந்த வீட்டம்மா சொன்னார். முழுசாகச் செத்திருந்தவை வேறு வகை: குட்டையான, முறுக்கிய ஊசிகளும் மேல்மரத்தில் ஆரஞ்சு நிறப் பட்டையும் கொண்ட ஸ்காட்ஸ் பைன். ஒரே பருவத்தில் காய்ந்தும் ஊசிகள் உதிராமல் அப்படியே தொங்கின.

சரி, இரண்டு விதமான சாவு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

எங்கள் மரத்தில் ஒரு கிளையை அறுத்தேன். பைன் கிளையை அறுத்தால் பிசின் கையில் ஒட்டும், வாசம் தூக்கும். இதில் ஒரு சொட்டு இல்லை. பழைய விறகை அறுப்பதுபோல் இருந்தது. கட்டைக்குள் நீலச்சாம்பல் நிறத்தில் கறை. பெருவிரலைவிடக் கொஞ்சம் தடிமனான துண்டுகளையும் ஆஸ்ட்ரியன் பைனின் ஊசிகளையும் தனித்தனிப் பையில் போட்டு, எங்கள் கவுண்டியின் (மாவட்டம் மாதிரி) வேளாண் விரிவாக்க அலுவலகம் வழியாகக் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாவர நோய்ப் பரிசோதனைக் கூடத்துக்கு அனுப்பினேன். மரத்தைச் சில்லுகளாக்கித் தண்ணீரில் ஊறவைத்து, வெளியே வரும் புழுக்களை நுண்ணோக்கியில் பார்ப்பார்களாம்.

முடிவு வந்தது. ஸ்காட்ஸ் பைனுக்குப் பைன் வாடல் நோய், காரணம் ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள நூற்புழு. ஆஸ்ட்ரியன் பைனுக்கு டோதிஸ்ட்ரோமா என்ற பூஞ்சையால் வரும் ஊசிக் கருகல்.

இந்த நூற்புழு வட அமெரிக்காவுக்கே சொந்தமானது. இங்கேயே தோன்றிய பைன்கள் பெரும்பாலும் அதைத் தாங்கிக்கொள்ளும். ஐரோப்பாவிலிருந்து வந்த ஸ்காட்ஸ் பைனால் முடியாது. கான்சாஸுக்கென்று சொந்தப் பைன் இனமே கிடையாது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. அமெரிக்காவில் இந்த நோயை முதன்முதலில் 1979-இல் பக்கத்து மாநிலமான மிசௌரியின் கொலம்பியா நகரில் கண்டறிந்திருக்கிறார்கள். எங்களிடமிருந்து இரண்டு மணி நேர கார் பயணம்தான்.

புழு தானாக மரம் விட்டு மரம் போகாது. சாயர் வண்டு என்ற நீண்ட மீசை வண்டின் மூச்சுக்குழாய்களில் ஏறிப் போகிறது. வண்டு இளங்கிளையின் பட்டையைக் கடித்த காயம் வழியாக மரத்துக்குள் இறங்கிப் பெருகுகிறது, மரத்தில் நீரோட்டம் நின்றுவிடுகிறது. சாகிற மரத்தில் வண்டு முட்டையிடும். அடுத்த மே மாதம்முதல் புது வண்டுகள் புழுவைச் சுமந்துகொண்டு வெளியே வரும்.

இதைப் படித்ததும் பக்கத்து வீட்டு விறகுக் குவியல் ஞாபகம் வந்தது. முந்தைய வருடம் செத்த பைனை அவர் வெட்டி, பட்டையோடு எங்கள் வேலியோரம் அடுக்கிவைத்திருந்தார். கோடை முழுக்க அங்கேயே இருந்தது. எழுபது வயது தாண்டிய மனிதர், எங்களிடம் மிகவும் அன்பாக இருப்பவர். எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன். பரிசோதனைத் தாளைக் காட்டினேன். நிதானமாகப் படித்துவிட்டு, "நான் அந்த மரத்தை வீணாக்க வேண்டாம் என்றுதான் வைத்தேன்" என்றார். எனக்குத் தொண்டை அடைத்தது. அவர் விறகிலிருந்துதான் எங்கள் மரத்துக்கு வந்தது என்று என்னால் நிரூபிக்க முடியாது, அதையும் சொன்னேன்.

நோய் வந்த மரத்துக்கு வைத்தியம் கிடையாது. தண்டில் போடும் ஊசிமருந்து நோய் வராத மரத்தைக் காக்க மட்டும்தான், அதையும் சில வருடங்களுக்கு ஒருமுறை போட வேண்டும். அதனால் ஐந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து ஒரே ஆளிடம் பேசினோம். தனித்தனியாகக் கேட்டதைவிடச் செலவு நன்றாகவே குறைந்தது. மார்ச் மாதத்துக்குள் செத்த மரங்களைத் தரையோடு அறுத்து, கிளை, கட்டை, அந்த விறகுக் குவியல் எல்லாவற்றையும் இயந்திரத்தில் விட்டுச் சில்லுகளாக்கினோம். வண்டு வெளியே வருவதற்குள் முடித்தாக வேண்டும் என்பதுதான் கணக்கு.

ஆஸ்ட்ரியன் பைன்களுக்கு மே நடுவிலும் ஜூனிலும் தாமிர மருந்து தெளித்தோம். புது ஊசிகள் இதுவரை சுத்தமாக இருக்கின்றன. மிச்சமிருந்த இரண்டு ஸ்காட்ஸ் பைன்களுக்கு ஊசிமருந்து போட்டாயிற்று. வெட்டிய இடத்தில் பைன் வேண்டாம் என்று முடிவுசெய்து, இந்த மண்ணிலேயே வளரும் ஈஸ்டர்ன் ரெட் சீடர் கன்றுகளை வைத்திருக்கிறோம். இடுப்பு உயரம்தான் இருக்கின்றன. அவற்றுக்குத் தண்ணீர் விடுவது இப்போது பக்கத்து வீட்டுப் பெரியவர். எங்கள் பக்கத்துக் கன்றுகளுக்கும் சேர்த்து அவரே விடுகிறார்.